சேற்றில் நடக்கும் சங்கிலி

ஆடிப்பூரத் தேரை வடம் பிடிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்வாசிகளுக்குச் சக்கரத்தின் இயல்பை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தரை உறுதியாக உள்ளவரை அது உருளும். தரை இளகினாலோ புதையும். அவ்வூரிலும் ராஜபாளையத்திலும் கண்மாய்ப் பாசன வயல்களில் நெல் முற்றிய சமயம் மழை கொட்டிவிட்டால், அறுவடை யந்திரத்தின் டயருக்கும் அதே கதிதான். 2021 ஜனவரியில் தென் மாவட்டங்களில் அத்தகைய மழை பெய்தது. சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிடுவதைப் பார்த்து நிற்பதினும் கொடிய துன்பம் குடியானவருக்கு வேறு உண்டோ?

இதற்கு மாற்றாக வந்ததே செயின் வண்டி. டயர்களுக்குப் பதிலாக, இரு புறமும் அகன்ற ரப்பர்ப் பட்டை சுழல்கிறது. வண்டி தன் பாதையைத் தானே விரித்துக்கொண்டு செல்கிறது எனலாம். ஒரு கணக்குப் போடுவோம். யந்திரத்தின் எடை 3,000 கிலோ. ஒவ்வொரு பட்டையும் 45 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்றரை மீட்டர் நீளம் தரையில் படிகிறது. அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவுக்கும் குறைவான பாரமே விழும். நாம் வயலில் நின்றால் நமது பாதம் அழுத்துவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

எட்மண்ட் ஹில்லாரி குழுவினர் சாதாரண பண்ணை டிராக்டர்களின் சக்கரங்களின்மேல் இத்தகைய சங்கிலிப் பட்டையை மாட்டி, பனிவெளியைக் கடந்து 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென் துருவத்தை அடைந்தனர். நம் உழவர்களும் சேற்றுழவுக்கு டிராக்டரில் இரும்புக் கேஜ்வீல் பூட்டுவதை அறிந்தவர்களே. நோக்கம் ஒன்றுதான், புதையாமல் நடப்பது.

ஆனால் செயின் வண்டிக்கு மணி வாடகை அதிகம். தார்ச் சாலையிலும் கல் தரையிலும் ஓடினால் பட்டை தேயுமாதலால், லாரியில் ஏற்றியே கொண்டுவர வேண்டும். அரை ஏக்கர்க்காரர் ஒருவருக்காக அது வருமா? வந்தாலும் அவருக்குக் கட்டுபடியாகுமா?

ஆதலின் நமது யோசனை இது. ஒரே மடையில் நீர் பாய்ச்சும் குடியானவர்கள், கதிர் பழுக்கும் முன்பே ஒன்றுகூடி நாள் குறித்து, வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ தனியாரிடமோ ஒரு வண்டியைச் சேர்ந்து அமர்த்திக்கொள்ளட்டும். லாரிச் செலவு பலர் தலையில் பங்காகும். வண்டியும் வரப்புக்கு வரப்பு அலையாமல் வரிசையாக அறுத்துச் செல்லும்.

சங்கிலிப் பட்டை பாரத்தை ஒழிப்பதில்லை, பரப்பித் தாங்குகிறது. மழைக்கு முன் நெல் வீடு வந்து சேர, நம் கிராமங்கள் கற்க வேண்டிய பாடமும் அதுவே.