வியர்வை நாற்றமும் விளையாட்டுக் கவசமும்

மட்டக்களப்பில் கிறிக்கெற் ஆடும் மாணவர் எல்லோரும் புதுக் கையுறையும் புதுக் காற்கவசமும் வாங்கி ஆடுபவர் அல்லர். அண்ணன் அணிந்ததைத் தம்பி அணிவதும், ஒருவர் கழற்றிய தலைக்கவசத்தை அடுத்து ஆடச் செல்பவர் மாட்டிக்கொள்வதும் நம்மிடையே வழக்கமே. அதில் இழிவேதும் இல்லை; சிக்கனமே உண்டு. ஆயின், பையைத் திறந்தவுடன் வீட்டையே நிறைக்கும் நாற்றத்தை என்செய்வது? அதற்கு அஞ்சிப் பிள்ளையை விளையாட்டிலிருந்து நிறுத்தவும் வேண்டாம். வாசனைத் தைலம் தெளித்து மறைக்கவும் வேண்டாம். காரணத்தை அறிந்தால் பரிகாரம் எளிது.

வியர்வை சுரக்கும்பொழுது அதற்கு மணம் இல்லையென்றே சொல்லலாம். தோலில் வாழும் பற்றீரியாக்கள் அதிலுள்ள பொருள்களைச் சிதைத்து, நாறும் அமிலங்களாக மாற்றுகின்றன. பழைய காலுறையின் நாற்றத்துக்குக் காரணமான ஐசோவலெரிக் அமிலம் அவற்றுள் ஒன்று. இவ்வுயிர்கள் பெருக வேண்டுவன ஈரமும் இளஞ்சூடும் காற்றோட்டமின்மையும். நனைந்த கையுறையைப் பையிலிட்டு வாயை இறுக்கிக் கட்டுவோர் இம்மூன்றையும் ஒருங்கே அளிக்கின்றனர்.

நம் பகுதியில் ஈரத்தைப் போக்குவது எல்லாக் காலத்திலும் எளிதன்று. ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை பொழிகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பொழுதில் உலர்வது, மாரியில் மூன்று நாளாகியும் உலராது, பூஞ்சணமும் பிடிக்கும். மேலும், நமது வாவி நீர் கடலொடு கலந்த உவர்நீர். அதில் அலசிய துணியில் உப்புத் தங்கும். அந்த உப்புக் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். ஆதலின் வாவியில் அலசுவோரும், உவர்க் கிணறு உடையோரும் இறுதி அலசலையேனும் நன்னீரிற் செய்தல் வேண்டும்.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். ஆடிவிட்டு வந்த அன்றே பையிலுள்ள யாவற்றையும் வெளியே எடுத்துவிடுக. காலுறை, பருத்தி உட்கையுறை, கழற்றக்கூடிய தலைக்கவச உட்துணி ஆகியவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. நாற்றம் ஊறிப்போயிருந்தால், நான்கு பங்கு நீரில் ஒரு பங்கு வினாகிரி கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவிடுக.

தோற் கையுறையை நீரில் அமிழ்த்தலாகாது. மேற்சொன்ன கலவையில் நனைத்துப் பிழிந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிடுக. கடும் வெயில் தோலை வெடிக்கச் செய்யும். சப்பாத்தினுள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும். தாள் நனைந்ததும் மாற்றுக. உலர்ந்தபின் இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடாவைத் தூவி, மறுநாள் தட்டிவிடலாம். சோடா அந்த அமிலங்களோடு சேர்ந்து அவற்றை மணமற்ற உப்பாக்கும். வினாகிரியையும் சோடாவையும் ஒன்றாகக் கலப்பதாற் பயனில்லை. ஒன்றின் வலிமையை மற்றது கெடுக்க, நுரையே மிஞ்சும்.

தலைக்கவசத்தின் ஓட்டைச் சவர்க்கார நீர்த் துணியால் துடைத்தாற் போதும். பெற்றோல், தின்னர் முதலியவற்றைத் தொடவே வேண்டாம். அவை ஓட்டைப் பலவீனப்படுத்திவிடலாம். அந்தக் கேடு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும்.

தாய்மார் இன்னொன்றை மறவாதிருத்தல் வேண்டும். வெளிற்றும் தூள் கரைத்த நீரில் வினாகிரியை ஒருபோதும் ஊற்றாதீர்கள். எழுவது குளோரீன் வாயு. 1915 ஏப்பிரல் 22 இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரரை மூச்சடைத்துக் கொன்ற நச்சு அதுவே. அடைத்த குளியலறையில் அது சிறிதளவு எழுந்தாலும் நுரையீரலுக்கு ஆபத்து.

நாற்றம் நீங்கினால் நோயும் நீங்கிற்று என்று எண்ணலாகாது. படர்தாமரையை உண்டாக்கும் பங்கசின் வித்திகள் துணியிலும் சப்பாத்திலும் பல மாதம் உயிரோடிருக்க வல்லன. பிள்ளையின் தோலில் வட்டமாகச் சிவந்த தடிப்போ, கால்விரலிடையில் வெடிப்போ கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். குணமாகும்வரை அவன் பொருளை மற்றவர் அணியாதிருக்கட்டும். அவனுடைய பருத்திக் காலுறைகளை 60 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரிற் கழுவுக. உட்பஞ்சு உதிரும் தலைக்கவசத்தை எவ்வளவு கழுவியும் பயனில்லை. அதனை அணியாது ஒதுக்கிவிடுவதே தகும்.

மாணவர்களே, இவ்வேலையை அம்மாவின் தலையிற் சுமத்த வேண்டாம். உங்கள் வியர்வையை நீங்களே கழுவுங்கள். பாடசாலையை விட்டு நீங்கும்பொழுது உங்கள் கவசத்தை இளையவன் ஒருவனிடம் கொடுப்பீர்களாயின், அவன் முகம் சுளிக்காமல் அணியத்தக்கதாய் அது இருக்கட்டும். நாற்றத்துக்கு நாணி மைதானத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும் சிறுவன் ஒருவனை ஆடவைப்பதற்கு ஒரு வாளி நன்னீரும் சிறிது சவர்க்காரமும் போதுமானவை.