திரையில் நம் பெண்கள் எப்போது வாதி ஆவார்கள்?

2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ வந்தபோது நாடே அழுதது. நாமும் அழுதோம். ஆனால் திருக்கோவிலூர்க்காரர்களான நமக்கு இன்னொரு நவம்பரும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

2011 நவம்பர் 22 இரவு, திருட்டு வழக்கு விசாரணை என்று தி.மண்டபம் இருளர் குடியிருப்புக்குள் திருக்கோவிலூர் போலீசார் நுழைந்தார்கள். நான்கு பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தைலமரத் தோப்பில் வைத்து வன்கொடுமை செய்தார்கள் என்பது அந்தப் பெண்களின் புகார். வாச்சாத்தி வழக்கில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 215 பேரைக் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் அறிவித்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பயந்து ஊரை விட்டு ஓடியிருக்கலாம். அந்த நால்வரும் போலீசுக்கு எதிராகப் போலீசிடமே புகார் கொடுத்தார்கள். இந்தத் துணிச்சல்தான் திரைக்கு இன்னும் வரவில்லை.

பெண்ணுரிமை வளர வளர சினிமாப் பெண்ணும் வளர்ந்தாள் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். 1984-இல் வந்த ‘விதி’யை உதாரணம் காட்டுவார்கள். ஏமாற்றப்பட்ட பெண் கிணற்றைத் தேடாமல் கோர்ட்டுக்குப் போனாள், அவளுக்காக வாதாடியவரும் பெண். மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் பாலியல் வன்கொடுமைச் சட்டம் திருத்தப்பட்டது. காரணம், 1972-இல் மகாராஷ்டிரத்துப் போலீஸ் நிலையம் ஒன்றில் சிதைக்கப்பட்ட மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமி. உடம்பில் காயமில்லை என்று சொல்லி இரண்டு போலீசாரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதை எதிர்த்துப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் காவலில் இருந்த பெண் ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று சாட்சி சொன்னால் சம்மதமில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்ற விதி அப்படித்தான் கிடைத்தது. சட்டத்துக்கு விலை கொடுத்தவள் ஆதிவாசிப் பெண். கூண்டேறி வசனம் பேசும் வாய்ப்பு மட்டும் வேறு வீட்டுப் பெண்ணுக்கு.

‘ஜெய் பீம்’ செங்கேணி சமரசப் பணத்தை மறுக்கிற இடம் அருமை. பிறகு கேமரா வக்கீல் சந்துரு பின்னாலேயே போய்விடுகிறது. உண்மையில் 1993-இல் லாக்கப்பில் கொல்லப்பட்ட ராசாக்கண்ணு குறவர் சமூகத்தவர். அவர் மனைவி வருடக்கணக்கில் நடந்த நடை படத்தில் சில காட்சிகளாகச் சுருங்கிவிட்டது. 2023-இல் வந்த ‘விடுதலை’ இன்னும் மோசம். போலீஸ் நிலையத்தில் பெண்களை நிர்வாணமாக்குவதை அவ்வளவு நேரம் காட்டியவர்கள், அந்தப் பெண்கள் வெளியே வந்து என்ன செய்தார்கள் என்று கேட்கவில்லை. கதாநாயகன் மனசாட்சி விழிக்க அவர்கள் அலறல் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

விதிவிலக்கு உண்டு. ‘நட்சத்திரம் நகர்கிறது’ ரெனே தலித் பெண், தன் அரசியலைத் தானே பேசுகிறவள். தன்னிடம் அத்துமீறியவனை என்ன செய்வது என்பதையும் அவளே முடிவு செய்கிறாள். அந்த முடிவோடு நமக்குச் சண்டை இருக்கலாம். இருக்கட்டும், முடிவு அவளுடையது.

தோழர்களே, கதை கேட்டு உதவி இயக்குநர்கள் நம் குடியிருப்புகளுக்கு வருகிறார்கள். டீ வாங்கிக் கொடுங்கள். கூடவே கேளுங்கள்: புகார் மனுவில் அவள் கைநாட்டு வைக்கிற காட்சி உங்கள் படத்தில் எத்தனை நிமிடம்?