மென்பொருள் வருமுன் பயிற்சி வரட்டும்

காசநோய்த் தேடலில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயை மனித வாசிப்பாளருக்குப் பதிலாக மென்பொருளே வாசிக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் பரிந்துரைத்தது. ரேடியோகிராபர்களாகிய நம் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம்: எதிர்க்கவில்லை. அறிக்கைக்காகப் படம் காத்துக் கிடப்பதைவிட, சந்தேகமானவரை அன்றே சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது. மென்பொருள் தரும் மதிப்பெண்ணில் எதற்கு மேல் சந்தேகம் என்ற வெட்டுப்புள்ளியை நம் நோயாளரில் சரிபார்த்தே நிர்ணயிக்க வேண்டும். சிறு பிள்ளைகளின் படத்தை அதனிடம் கொடுக்கக் கூடாது.

ஆனால் மென்பொருள் வாசிப்பது நாம் எடுத்துக் கொடுக்கும் படத்தைத்தான். தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழுந்தாலோ, பாதி மூச்சில் எடுத்தாலோ, ஹிஜாப் ஊசியோ தாயத்தோ நுரையீரல் உச்சியை மறைத்தாலோ மென்பொருளின் கணிப்பும் பிழையாகும். பெரியவர்களில் காசநோய் பெரும்பாலும் ஒளிந்திருப்பது அந்த உச்சியில்தான். "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க உம்மா" என்று சொல்லி, அவரே ஊசியைக் கழற்றும்வரை பொறுத்து நிற்கத் தெரிந்தவர் வேண்டும். மாரியில் கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறினால் நாவிதன்வெளி நோயாளி கல்முனைக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. 'நாளைக்கு வாங்க, திரும்ப எடுப்போம்' என்று அவரிடம் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட ரேடியோகிராபரை எங்கே உருவாக்குகிறோம்? இந்தப் பக்கத்தில் நாம் ஓயாமல் கேட்டுவரும் கேள்வி இது. சுகாதார அமைச்சின் டிப்ளோமா கொழும்பில். பட்டம் பேராதனையிலும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியல் பீடம் வந்தது, தொழில்நுட்பவியல் பீடம் வந்தது. நம் துறை மட்டும் வரவில்லை. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் கல்முனையில் இருக்க, பயிற்சிக் களம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வருபவரின் கண் இடமாற்றப் பட்டியலில்தான் இருக்கும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஊர்ப் பிள்ளைக்கு ஊரிலேயே வழி செய்யாதவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

பயிற்சி படம் எடுப்பதற்கு மட்டுமல்ல, அதற்குக் கருத்தெழுதவும் வேண்டும். பிரித்தானியாவில் 1980களிலேயே ரேடியோகிராபர்கள் சந்தேகமான படத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டி வைத்தியரை உஷார்ப்படுத்தினார்கள். பின்னர் பயிற்சி பெற்று அறிக்கையும் எழுதலானார்கள். இங்கே நாம் ஒரு வரி கருத்தெழுதினால் எல்லை மீறல். நமக்கு ஆகாத அந்த வேலை மென்பொருளுக்கு மட்டும் எப்படி ஆகும்?

மென்பொருள் கொள்வனவுக் கோவையில் கையெழுத்திடுவோர் நான்கு நிபந்தனைகளைச் சேர்க்கட்டும்: ஒலுவிலில் ரேடியோகிராபிப் பட்டக் கற்கை, கல்முனையில் அதன் களப்பயிற்சி, படத்துக்குக் கருத்தெழுதும் பயிற்சி, அதற்கேற்ற பதவி உயர்வு. இவை இல்லாமல் பெட்டி மட்டும் வந்து இறங்கினால், பழியை மட்டும் நம் தலையில் கட்ட வந்ததாகவே கொள்வோம்.