நாற்காலியை ஓரங்கட்டுவதற்கு முன்

முதியோர் இல்லத்தின் நடைவழியில் பேட்டரியால் இயங்கும் சக்கர நாற்காலி ஒருவர் காலில் மோதிவிட்டால், பெரும்பாலும் மறுநாளே அது மூலைக்குப் போய்விடுகிறது. சார்ஜர் அலுவலக அறையில் பூட்டப்படுகிறது. பாதுகாப்புக்காகத்தான் என்று சொன்னதும் குடும்பத்தாரும் தலையசைத்துவிடுகின்றனர். அவ்வளவு எளிதில் தலையசைக்கக் கூடாது என்பது எம் கருத்து.

இல்லத்தாரின் அச்சம் பொருளற்றதன்று. ஆளோடு சேர்த்து 150 கிலோவையும் தாண்டக்கூடிய வண்டி, நடை வேகத்தில் மோதினாலும் எலும்பு தேய்ந்த முதியவரின் இடுப்பு முறியக்கூடும். ஊன்றுகோலுடன் நடப்பவருக்கும் அந்த நடைவழியில் உரிமை உண்டு. ஆயினும், பிறர் கையை எதிர்பாராமல் உணவுக்கூடத்துக்குச் செல்லும் ஒருவருக்கு அந்த நாற்காலியே கால்கள். அதை இழந்தவர் யாரேனும் வந்து தள்ளும்வரை ஒரே இடத்தில் அமர்ந்திருக்கிறார். அதனால் வரும் மனச்சோர்வு எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தன் முகவுரையிலேயே தாமே முடிவெடுக்கும் சுதந்திரத்தைக் குறிப்பிடுகிறது.

ஆகவே முதற்கேள்வி, ஏன் மோதியது என்பதே. இடப்பக்கக் கதவுநிலையில் மட்டும் மீண்டும் மீண்டும் உரசுகிறாரா? பக்கவாதத்துக்குப் பின் இடப்புறத்தைக் கவனிக்கும் ஆற்றல் குறைந்திருக்கலாம். கண்புரை முற்றியிருக்கலாம். புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை காரணமாகலாம். நேற்றுவரை நன்றாக ஓட்டியவர் இன்று தடுமாறினால் சிறுநீர்த் தொற்றையும் ஐயுற வேண்டும். முதியவர்களுக்கு அது காய்ச்சல்கூட இல்லாமல் மனக்குழப்பமாகத் தலைகாட்டுவதுண்டு. இவற்றுள் பல சரிசெய்யக் கூடியவை. சில வேளை குற்றவாளி, நடைவழியில் யாரோ விட்டுச்சென்ற செருப்புக் குவியலாகவும் இருக்கும்!

நாற்காலியிலும் செய்யத்தக்கவை உண்டு. பல வகைகளில் உச்ச வேகத்தைக் குறைத்து அமைக்கலாம். விற்பனையாளரின் தொழில்நுட்பரிடம் கேளுங்கள். படுக்கைக்கு மாறும்போதும் உணவு மேசையிலும் மின்விசையை அணைத்துவிட வேண்டும். ஜாய்ஸ்டிக்கில் புடவைத் தலைப்புச் சிக்கினாலே வண்டி புறப்பட்டுவிடும். கையால் தள்ளுவதற்காக மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோலைச் சாய்தளத்தில் ஒருபோதும் தொடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அதனுடன் பிரேக்கும் விடுபட்டுவிடும். சாய்தளமே ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமேனும் இருத்தல் வேண்டும். நம் இல்லங்கள் பலவற்றில் அது மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்குக் கட்டியதுபோல் செங்குத்தாக நிற்கிறது.

நாற்காலியை நிறுத்தப் போவதாக இல்லத்தார் சொன்னால், இயன்முறை மருத்துவர் ஒருவர் அவரை ஓட்டச் செய்து நேரில் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்க்கவில்லையெனில் அதற்கு நாள் குறிக்கச் சொல்லுங்கள். அதுவரை குறைந்த வேகத்தில், கூட்டமில்லா நேரங்களில், ஒருவர் உடன்வர ஓட்டலாம். உண்மையிலேயே இனி இயலாது என்று தெரிந்தால், உடன் வருபவர் பின்னாலிருந்து இயக்கும் ஜாய்ஸ்டிக்கை அந்த நாற்காலியில் பொருத்த முடியுமா என்று விசாரியுங்கள். இந்தப் பேச்சு எதுவும் அவர் இல்லாத அறையில் நடக்க வேண்டாம்.