நெஞ்சைப் பிளக்காமல் ஒரு சிகிச்சை



இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார், டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு நஃபீஸ். காலில் உறையும் இரத்தக்கட்டி பெயர்ந்தால் செல்வதும் அதே பாதையில்தான். வலது இதயத்தில் தங்கும் கட்டி, எந்நேரமும் நுரையீரல் குழாயை அடைத்து உயிரைப் பறிக்கலாம்.

1929இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன், தம் கைச்சிரை வழியே மெல்லிய குழாயைத் தம் இதயம்வரை செலுத்திக் காட்டினார். 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வழியில் வளர்ந்ததே, தொடை அல்லது கழுத்துச் சிரை வழியே குழாய் செலுத்திக் கட்டியை உறிஞ்சியெடுக்கும் இன்றைய முறை. அதில் ஒரு வகையில், உடன்வரும் இரத்தம் வடிகட்டப்பட்டு உடலுக்கே திரும்புகிறது. எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது. இதய நிபுணரே முடிவு செய்வார்.

ஒட்டன்சத்திரம் போன்ற நம் ஊர்களில், பிரசவமானவருக்கோ அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கோ கால் வீங்கினால் உடனே தைலம் தேய்த்து நீவுவார்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டால் நீவாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சுத் திணறினால், விடியட்டும் என்றிராமல் 108ஐ அழையுங்கள். எத்தனை நவீன சிகிச்சையும் நேரத்தோடு வந்தவருக்கே பயன்படும்.