கப்வே மண்ணின் கடன்

மத்திய ஜாம்பியாவிலுள்ள கப்வே நகரின் சுரங்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆதிக்கத்தின் நிழலில் திறக்கப்பட்டு, தேசம் சுதந்திரம் அடைந்தபின் சர்க்கார் வசமாகி, ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஈயத்தையும் துத்தநாகத்தையும் வாரி வழங்கிவிட்டு, 1994-இல் மூடப்பட்டது. உலோகம் கப்பலேறிற்று, லாபம் பங்குதாரரைச் சேர்ந்தது, உருக்காலைப் புகையோடு பரவிப் படிந்த ஈயமும், மலையெனக் குவிந்த கழிவும் மாத்திரமே ஊர் ஜனங்களுக்கு மிஞ்சின.

ஈயம் மக்கி அழியும் வஸ்து அன்று. மேல்மண்ணில் தங்கி, கோடைக் காற்றில் புழுதியாய் எழுந்து, கசாண்டா, மகுலுலு முதலிய குடியிருப்புகளில் வாசலிலும் பாயிலும் உணவிலும் அது படிகிறது. புல் முளைக்காத முற்றத்தில் தவழும் குழந்தை புழுதி படிந்த விரலை வாயில் வைக்கிறது. விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு அதிகமாக அதன் தேகம் கிரகித்துக்கொள்கிறது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அது வரும் வழியைக் கண்டு அடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். கப்வேயிலோ 100-ஐத் தாண்டிய குழந்தைகளும் உண்டு. குன்றிய மூளை வளர்ச்சி மீள்வதில்லை. மருந்து கொடுத்து ரத்தத்திலுள்ள ஈயத்தைக் குறைத்தாலும், அதே முற்றத்துக்குத் திரும்பும் குழந்தைக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

2016-இல் உலக வங்கியின் கடனுதவியோடு ஒரு பரிகாரத் திட்டம் வகுக்கப்பட்டது உண்மை. ஆனால் ஒரு கையால் சிகிச்சைக்கு வழிசெய்த சர்க்கார், மறு கையால் அதே கழிவு மேட்டைக் கிளறி உலோகம் எடுக்க உரிமம் வழங்கியதை எந்த நியாயத்தால் ஏற்பது? மேட்டைத் தோண்டிப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றுப்பாட்டை நாம் அலட்சியம் செய்யவில்லை. அவர்களுக்கு வேறு ஜீவனோபாயம் தருவது சர்க்காரின் கடமை. அவர்கள் பிள்ளைகளின் ரத்தத்தை அதற்கு விலையாகக் கேட்பது அக்கிரமம்.

இவ்வளவு மண்ணைச் சுத்தம் செய்வது ஆகிற காரியமா என்போர் ஜப்பானின் ஜின்சு நதிக்கரையைப் பார்க்கட்டும். கமியோகா சுரங்கத்திலிருந்து நதிவழி வந்த காட்மியம் நெல் வயல்களில் படிந்து, அவ்வரிசியை உண்டவர்களின், முக்கியமாகப் பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களின், எலும்புகளை இருமினாலே முறியும்படி நொறுக்கியது. கிராமத்தார் வழக்காடி வென்றார்கள். 1972-இல், வல்லுநர்களோடு சுரங்கத்துக்குள் புகுந்து பரிசோதிக்கும் உரிமையைக் கம்பெனியிடம் எழுதி வாங்கினார்கள். 863 ஹெக்டேர் வயல் மண்ணைப் புதுப்பிக்கும் வேலை, சர்க்காரும் கம்பெனியும் செலவைப் பங்கிட்டுக்கொள்ள, 2012-இல் நிறைவேறிற்று. முப்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று என்பது மெய்தான். ஆனால் அங்கே மறுபடியும் நெல் விளைகிறது.

ஆகவே ஜாம்பியா சர்க்கார் கப்வேயின் கழிவு மேட்டுக்குக் கொடுத்த உரிமங்களைத் தாமதமின்றி ரத்துச் செய்து, மேட்டை மூடி, முற்றங்களின் மண்ணை மாற்ற வேண்டும். அச்சுரங்கத்தால் லாபம் கண்ட கம்பெனிகளும் செலவில் தங்கள் பங்கைச் செலுத்த வேண்டும். இனி எந்தத் தேசத்திலும், மண்ணைச் சீராக்கும் பணத்தை முன்கூட்டியே கட்டாதவனுக்குச் சுரங்க உரிமம் கொடுக்கலாகாது.