புள்ளிப் பலகை போட்ட கணக்கு

"ஐரோப்பாக்காரன் நடத்தும் பாட்டுப் போட்டி, அதைப்பற்றி ஆலைத் தொழிலாளிக்கு என்ன கவலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அந்த மேடையில் ஒலிப்பது பாட்டு மட்டுமென்றால் நானும் எழுதவந்திருக்க மாட்டேன். யார் எந்த மொழியில் பாடலாம், யார் வாயை யார் அடைக்கலாம், மக்கள் தீர்ப்பு பெரிதா நிபுணர் தீர்ப்பு பெரிதா என்ற வழக்குகளெல்லாம் அங்கே நடக்கின்றன. நமக்குப் பழக்கமான வழக்குகள்தாம்!

யூரோவிஷன் என்பது போட்டியின் பெயர். 1956-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில், ஏழே நாடுகளுடன் தொடங்கியது. நாட்டுக்கு ஒரு பாட்டு. தன் நாட்டுப் பாட்டுக்குத் தானே புள்ளி போடக்கூடாது. பிற நாடுகள் தரும் புள்ளிகளைப் பலகையில் ஏற்றி, அதிகம் பெற்றவருக்கு மாலை போடுவார்கள். ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பலகை போட்ட கணக்கெல்லாம் சரியான கணக்குதானா? பார்ப்போம்.

1968-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் அப்போது பிராங்கோவின் சர்வாதிகாரம். போட்டிக்கு அனுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கட்டலோனியாவைச் சேர்ந்த ஜோன் மனுவேல் செர்ராட் என்ற பாடகர். "நான் பாடுவதானால் என் தாய்மொழியாகிய கட்டலானில்தான் பாடுவேன்" என்று அவர் நின்றார். பிராங்கோவின் ஆட்சியிலே கட்டலான் மொழிக்குப் பள்ளிக்கூடத்திலும் இடமில்லை, அரசு அலுவலகத்திலும் இடமில்லை. பாட்டு மேடையில் மட்டும் இடம் கிடைத்துவிடுமா? செர்ராட் நீக்கப்பட்டார். மாஸியெல் என்ற பாடகியை அவசர அவசரமாகக் கூட்டிவந்து ஸ்பானிஷ் மொழியில் பாடவைத்தார்கள். பாட்டின் பெயர் 'லா லா லா'. லண்டன் மாநகரில் 29 புள்ளி பெற்று, இங்கிலாந்தின் கிளிஃப் ரிச்சர்டை ஒரே ஒரு புள்ளியால் தோற்கடித்து வென்றது.

வெற்றிதான்! பாடிய அம்மையார் மீது நமக்குக் கோபம் இல்லை, நன்றாகவே பாடினார். ஆனால் ஒரு மொழியின் வாயைக் கட்டிவிட்டு, 'லா லா லா' என்ற ஓசைக்கு முடிசூட்டிய அந்தக் காட்சியை என்னவென்று சொல்வது? பலகையில் 29 என்று எழுதினார்கள். மேடையேற முடியாமல் போன மொழிக்கு எத்தனை புள்ளி என்று எழுத அதிலே இடமே இல்லை!

அடுத்த ஆண்டு, 1969-இல், மாட்ரிட் நகரில் அந்தப் பலகையே திணறிப்போயிற்று. நான்கு நாடுகள் ஆளுக்குப் பதினெட்டுப் புள்ளி பெற்று நின்றன. சமன் வந்தால் என்ன செய்வது என்று விதி எழுதிவைக்கவில்லை. நால்வருமே வென்றார்கள்!

இனி, தோற்ற பாட்டு ஒன்றின் கதையைக் கேளுங்கள். 1974 ஏப்ரல் 6. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். சுவீடன் நாட்டு 'அப்பா' குழுவினர் 'வாட்டர்லூ' என்ற ஆங்கிலப் பாட்டைப் பாடி வென்றார்கள். உலகமெல்லாம் விற்றது, கேட்க இனிய பாட்டு, அதில் ஐயமில்லை. அதே இரவில் போர்ச்சுகல் நாட்டின் பாவ்லோ தெ கார்வாலியோ ஒரு பிரிவுப் பாட்டைப் போர்ச்சுகீஸ் மொழியில் பாடினார். கிடைத்தது மூன்றே புள்ளி. கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்ட நான்கு நாடுகளில் ஒன்றாக நின்றது போர்ச்சுகல்.

பதினெட்டு நாள் கழிந்தது. ஏப்ரல் 24 இரவு, பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், லிஸ்பன் வானொலியில் அந்தத் தோற்ற பாட்டு ஒலித்தது. காதல் முறிந்ததைப் பாடும் பாட்டு. தணிக்கைக்காரனுக்கு அதில் என்ன சந்தேகம் வரும்? ஆனால் படை முகாம்களில் காத்திருந்த இளம் அதிகாரிகளுக்கு அதன் பொருள் வேறு: "ஆயத்தமாகுங்கள்!" நள்ளிரவு தாண்டி ஜோசே அஃபோன்சோவின் பாட்டு இரண்டாவது குறியாக வந்தது. படைகள் புறப்பட்டன. பொழுது விடிந்தபோது மக்கள் தெருவுக்கு வந்து, வீரர்களின் துப்பாக்கிக் குழலில் சிவப்புக் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். நாற்பத்தெட்டு ஆண்டுச் சர்வாதிகாரம் ஒரே நாளில் சரிந்தது. ஆப்பிரிக்காவில் அது நடத்திவந்த காலனிப் போர்களுக்கும் முடிவு வந்தது.

மூன்று புள்ளிப் பாட்டு, தோழர்களே! மூன்று புள்ளி!

"அப்படியானால் ஒவ்வொரு நாடும் தன் மொழியில்தான் பாடவேண்டும் என்று சட்டம் போட்டுவிடலாமே" என்று ஒருவர் எழுந்து கேட்பார். போட்டுப் பார்த்தார்கள். 1966 முதல் 1972 வரை அந்த விதி இருந்தது, 1973-இல் எடுத்தார்கள், 1977-இல் மறுபடி கொண்டுவந்தார்கள், 1999-இல் மீண்டும் எடுத்துவிட்டார்கள். விதி இருந்த காலத்தில் ஆங்கிலம் சொந்த மொழி என்ற உரிமையால் அயர்லாந்து அதிலேயே பாடி வெற்றிமேல் வெற்றி பெற்றது. அது பெற்ற ஏழு வெற்றியும் ஆங்கிலப் பாட்டுக்கே. தன் பழைய மொழியாகிய ஐரிஷில் அது பாடியது 1972-இல் ஒரே ஒரு முறை. விதி நாட்டின் வாசல்வரைதான் வந்தது. நாட்டுக்குள்ளே நலிந்து கிடந்த மொழிக்கு அதனால் வாழ்வு வரவில்லை. ஆகவே கட்டாயத்தால் மட்டும் மொழி மேடையேறாது. பாடுகிறவனுக்குத் தன் மொழிமீது நம்பிக்கை வேண்டும்.

விதி போன பிறகு நடந்ததென்ன? நாடு நாடாக ஆங்கிலத்துக்குத் தாவியது. "உலகம் கேட்கவேண்டுமானால் உலகமொழியில் பாடு" என்றார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: எல்லோரும் ஆங்கிலம் பாடத் தொடங்கிய 1999 முதல் 2025 வரை, இங்கிலாந்தும் வெல்லவில்லை, அயர்லாந்தும் வெல்லவில்லை! சந்தையில் எல்லோரும் ஒரே சரக்கை விரித்தால் எவன் சரக்குக்குத் தனி மதிப்பு?

மாறாக, சொந்த மொழியோடு வந்தவர்களைப் பாருங்கள். 2007-இல் செர்பிய மொழிப் பாட்டு வென்றது. 2016-இல் உக்ரைனின் ஜமாலா, 1944-இல் கிரிமியத் தாத்தார் மக்களை ஸ்டாலின் ஆட்சி ஊரோடு பெயர்த்து நாடு கடத்திய துயரத்தைப் பாடி வென்றார். பாட்டின் பல்லவி அந்த மக்களின் மொழியிலேயே ஒலித்தது. 2017-இல், மூன்று புள்ளி வாங்கிய அதே போர்ச்சுகல், அதே போர்ச்சுகீஸ் மொழியில், ஆரவாரமே இல்லாத ஒரு பாட்டால் 758 புள்ளி பெற்று முதன்முறையாக வென்றது. 2021-இல் முதலிடம் இத்தாலிய மொழிக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் பிரெஞ்சு மொழிக்கு. புரியாத மொழி காதைத் தைக்காது என்று சொன்னவர்கள் எங்கே?

கடைசியாக ஒரு வழக்கு. 2023, லிவர்பூல். பின்லாந்தின் காரியா, வாரமெல்லாம் பாடுபட்டுக் களைத்தவன் ஓர் இரவு தன்னை மறந்து ஆடுவதைத் தன் பின்னிஷ் மொழியில் பாடினார். பார்த்த மக்கள் அவருக்கு 376 புள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் பாடிய சுவீடனின் லொரீனுக்கு மக்கள் தந்தது 243. ஆனால் நிபுணர் குழுக்கள் லொரீனுக்கு 340, காரியாவுக்கு 150 என்று எழுதின. கூட்டிப் பார்த்தபோது மாலை சுவீடனுக்கு! விதிப்படி சரி. லொரீன் தேர்ந்த பாடகி, மறுப்பார் இல்லை. ஆயினும் நாடு நாடாக மக்கள் ஒருபக்கம் நிற்க, அறைக்குள் இருந்த சிலர் மறுபக்கம் சாய்ந்தால், எது தீர்ப்பு? என்னைக் கேட்டால் அந்த இரவின் பாட்டு பின்லாந்தின் பாட்டே.

தோழர்களே! பாட்டுக்குப் பரிசு கொடுப்பதில் தவறில்லை. பரிசே பாட்டின் அளவுகோல் என்று மயங்குவதுதான் தவறு. 29 புள்ளி வாங்கிய பாட்டுக்குப் பின்னால் வாய் கட்டப்பட்ட ஒரு மொழி நின்றது. மூன்று புள்ளி வாங்கிய பாட்டுக்குப் பின்னால் ஒரு நாட்டின் விடுதலை நின்றது. இனி எந்த மேடையில் எவர் பாடினாலும், "எத்தனை புள்ளி?" என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். "இது யாருடைய குரல்? பாட வந்து பாட முடியாமல் போனவர் யார்?" என்பதை முதலில் கேளுங்கள்.